பிரண்டை: அரிப்பை அடக்கத் தெரிஞ்ச கைக்குத்தான் அது மருந்து

"பெத்த வயித்துல பிரண்டையைத்தான் வச்சுக் கட்டணும்" அப்படின்னு பிள்ளைங்க மேல மனசு வெறுத்துப் போனா எங்க ஆச்சி சொல்லுவா. கோவில்பட்டிப் பக்கம் கரிசக்காட்டு ஊர் எங்களுக்கு, அங்க இந்த வார்த்தை எல்லா வீட்லயும் கேட்கும். சின்ன வயசுல எனக்கு அது புரிஞ்சதே இல்ல, எத்தனையோ முள்ளு இருக்கு, கள்ளி இருக்கு, அதையெல்லாம் விட்டுட்டு துவையல் அரைச்சுத் திங்கிற செடியைப் போய் ஏன் சொல்லணும்னு யோசிப்பேன். ஒருநாள் ஆச்சி கோயிலுக்குப் போயிருந்த நேரத்துல நானே வேலியில இருந்து நாலு துண்டு ஒடிச்சு, உக்காந்து நாரை உரிச்சேன், வெறுங்கையால. அஞ்சு நிமிஷத்துல விரல் இடுக்கெல்லாம் ஊசி வச்சுக் குத்துற மாதிரி ஆரம்பிச்சுது, தண்ணில கழுவக் கழுவ ஏறுது, முகத்தை வேற தொட்டுட்டேன். ஆச்சி வந்து பாத்துட்டு "ஏட்டி, கையில எண்ணெயைத் தடவிட்டுத் தொடக் கூடாதா"ன்னு சொல்லிக்கிட்டே புளியைக் கரைச்சுத் தேய்ச்சு, அதுக்கு மேல நல்லெண்ணெய் போட்டுவிட்டா. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது அந்த வார்த்தைக்குள்ள எவ்வளவு வலி இருக்குன்னு.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, இப்ப பிரண்டையைப் பத்தி வர்ற வீடியோ, ஃபார்வர்ட் மெசேஜ் எல்லாத்துலயும் எலும்பு ஒட்டும், மூட்டு வலி போகும், உடம்பு இளைக்கும்னு பலன் மட்டும்தான் வருது. இந்த அரிப்பைப் பத்தி ஒரு வரி இருந்தா பெரிய விஷயம். ஆனா நம்ம வீட்டுப் பெரியவங்க வச்சிருந்த பிரண்டை வைத்தியத்துல பாதி வேலை அந்த அரிப்பை எப்படி அடக்குறதுங்கறதுலதான் இருந்துச்சு. எந்தக் கணுவை ஒடிக்கணும், எதை உரிச்சு எறியணும், எவ்வளவு நேரம் வதக்கணும், எதோட சேர்க்கணும், எவ்வளவு திங்கணும். அந்தப் பக்குவத்தைத் தூக்கிப் போட்டுட்டு செடியை மட்டும் மிக்ஸில போட்டு அடிச்சுக் குடிச்சா அது நம்ம பாட்டி வைத்தியம் கிடையாது, புதுசா யாரோ ஆரம்பிச்ச வேற ஒண்ணு.

செடியை முதல்ல சரியாப் பாத்துக்கலாம். பார்க்க கள்ளி ஜாதி மாதிரி இருக்கும், ஆனா இது திராட்சைக் குடும்பத்துச் செடி. நம்பக் கஷ்டமா இருந்தா அதோட பற்றுக்கம்பியைப் பாருங்க, திராட்சைக் கொடி மாதிரியே சுருண்டு சுருண்டு எதையாவது பிடிச்சுக்கிட்டு ஏறும். காய்க்கிறதும் திராட்சை மாதிரி சின்ன உருண்டைப் பழம்தான், பழுத்தா செவப்பாகும், ஆனா அது திங்கிற பழம் இல்ல, நாக்குல வச்சா காந்தும். தண்டு நாலு பட்டையா, சதைப்பிடிப்பா, கணுவுக்குக் கணு ஒடுங்கி ஒடுங்கி சங்கிலி கோத்த மாதிரி போகும். கணுவுக்கு ஒரு இலைன்னு இளந்தண்டுல மட்டும் இருக்கும், வெயில் ஏறினதும் இலை உதிர்ந்துடும், அப்புறம் வெறும் பச்சைச் சங்கிலிதான் வேலி மேல கிடக்கும். நம்ம ஊர்ல மட்டும் இல்ல, இந்தியாவுல வறண்ட பக்கம் எல்லாம், இலங்கை, அரேபியா, ஆப்பிரிக்கான்னு பரவிக் கிடக்கிற கொடி இது. லின்னேயஸ்ங்கற தாவரவியலாளர் 1767லயே இதுக்கு சிஸ்ஸஸ் குவாட்ராங்குலாரிஸ்னு தாவரவியல் பேர் வச்சுட்டாரு, அந்தப் பேர்ல இருக்கிற ரெண்டாவது வார்த்தைக்கு நாலு மூலை உள்ளதுன்னுதான் அர்த்தம்.

இது சாகாது. நெசமாவே சொல்றேன், ஒடிச்சு காம்பவுண்ட் சுவர் மேல போட்டு மறந்துட்டீங்கன்னா வாரக்கணக்குல அப்படியே பச்சையா கிடக்கும், கொஞ்சம் சுருங்கும், ஒரு மழை விழுந்தா கணுவுல இருந்து வேர் விட ஆரம்பிச்சுடும். சித்திரை வெயில்ல எங்க ஊர்க் காட்டுல புல்லு கூட இருக்காது, கரிசல் வெடிச்சு கை நுழையுற அளவுக்குப் பாளம் பாளமா கிடக்கும், அப்பவும் உடைமரத்து மேல பிரண்டை மட்டும் பச்சையா தொங்கும். இதுக்குக் காரணம் தண்டுக்குள்ள தண்ணி சேத்து வைக்கிறது மட்டும் இல்ல, அது மூச்சு விடுற விதமே வேற. சாதாரணச் செடி பகல்ல இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும், அப்படித் திறக்கும்போது உள்ள இருக்கிற ஈரமும் வெளிய போயிடும். பிரண்டைத் தண்டு வெயில் நேரத்துல அந்தத் துளையை மூடி வச்சுட்டு ராத்திரி குளுமையிலதான் திறக்கும், அப்ப எடுத்த வாயுவை அமிலமா மாத்தி உள்ள பத்திரப்படுத்தி வச்சுக்கும், விடிஞ்சு வெயில் வந்ததும் கதவைச் சாத்திட்டு அந்த அமிலத்தை எடுத்து உணவு தயாரிக்கும். இதுல இன்னொரு விசேஷம், அதே கொடியில இருக்கிற இலை மட்டும் மத்த செடி மாதிரி பகல்லதான் வாயு எடுக்கும், அதனாலதான் வறட்சி வந்தா முதல்ல இலையைக் கழட்டி விட்டுடுது போல.

இந்த ராத்திரி மூச்சு சமாச்சாரம் உலகத்துக்குத் தெரிஞ்ச கதையில நம்ம பக்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கு. பெஞ்சமின் ஹெய்ன்னு ஒருத்தர், மொரேவியன் மிஷன்ங்கற கிறிஸ்தவ சபையோட தரங்கம்பாடிக்கு வந்து அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தாவரவியல் வேலை பாத்தவர். அவர் ரணகள்ளி இலையை, அதான் நாம கட்டிப்போட்டா குட்டி போடும்னு சொல்ற செடி, அதை காலைல மென்னு பாத்தா நல்ல புளிப்பா இருக்கு, மத்தியானம் ருசியே இல்ல, சாயங்காலம் லேசா கசக்குதுன்னு கவனிச்சு எழுதி அனுப்பினார், அது 1815ல லண்டன் லின்னேயன் சொசைட்டி இதழ்ல வந்துச்சு. நாக்கால கண்டுபிடிச்ச அறிவியல் இது. ராத்திரி சேர்ந்த அமிலம்தான் காலைப் புளிப்பு. பிரண்டைத் தண்டுக்கும் இதே கணக்குதான், விடியக்காலைல ஒடிச்ச தண்டுல அமிலம் அதிகம், சாயங்காலம் ஒடிச்சா குறைவு.

சரி, அரிப்புக்கு வருவோம். பிரண்டைச் சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் கட்டுக் கட்டா இருக்கு, கால்சியம் ஆக்சலேட்டுங்கற உப்புப் படிகம். சேனைக்கிழங்கும் சேம்பிலையும் அரிக்கிறதுக்கும் இதே ஊசிதான் காரணம். ஆடு மாடு கடிச்சா வாயில குத்தட்டும்னு செடி தனக்குத்தானே வச்சிருக்கிற காவல் அது. தண்டை ஒடிச்சு உரிக்கும்போது செல் கிழிஞ்சு இந்த ஊசி வெளிய வந்து தோல்ல இறங்குது, நாக்குல பட்டா நாக்குல, தொண்டைல பட்டா தொண்டைல. முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது என்னன்னா இந்தப் படிகம் அடுப்புச் சூட்டுல கரைஞ்சு போற சாமான் இல்ல, அது சிதையணும்னா நானூறு டிகிரிக்கு மேல சூடு வேணும், நம்ம இருப்புச்சட்டி அங்க வரைக்கும் போகாது. அதனால வேக வச்சா எல்லாம் சரியாயிடும்னு முத்தின தண்டை எடுத்துப் போடக் கூடாது. ஆச்சி எப்பவும் கொடியோட நுனியில இருந்து மூணு கணு, மிஞ்சினா நாலு கணு, அதுக்குக் கீழ தொடவே மாட்டா. நகத்தை வச்சு அழுத்துவா, வெண்டைக்காயை ஒடிச்சுப் பாக்குற மாதிரி, நகம் சட்டுனு இறங்கினாதான் எடுப்பா, நார் தட்டுச்சுன்னா அப்படியே கொடியிலயே விட்டுடுவா.

துவையல் பண்றதை ஒரு தடவை பக்கத்துல உக்காந்து பாத்தா இதெல்லாம் தன்னால புரியும். முதல்ல ரெண்டு கையிலயும் நல்லெண்ணெய், விரல் இடுக்கு, மணிக்கட்டு வரைக்கும். அப்புறம் கணுவைக் கிள்ளி எறிஞ்சுடணும், அது கட்டை. நாலு பட்டையோட விளிம்புலயும் மெல்லிசா நார் ஓடும், கத்தியை லேசா வச்சு இழுத்தா அவரைக்காய் நார் மாதிரி நீளமா வரும், நாலு பக்கமும் எடுக்கணும். பொடிசா நறுக்கி, சட்டில தாராளமா நல்லெண்ணெய் விட்டு வதக்கணும், இங்கதான் எல்லாரும் அவசரப்படுறாங்க. முதல்ல தண்ணி விட்டுக்கிட்டு நொளுநொளுன்னு வரும், அது பிரண்டையோட கொழகொழப்பு, அதுல எடுத்துட்டா கண்டிப்பா அரிக்கும். அடுப்பைக் குறைச்சு வச்சுக் கிளறிக்கிட்டே இருந்தா பச்சை நிறம் மாறி மங்கி ஒரு பழுப்புக்கு வரும், துண்டு சுருங்கும், சட்டில ஒட்டாம தனித்தனியா உருளும், பச்சை வாசம் போய் வறுவல் வாசம் வரும். அப்ப ஒரு துண்டை எடுத்து நுனி நாக்குல வச்சுப் பாத்து, சுர்ருன்னு இல்லன்னாதான் இறக்குவா ஆச்சி. தனியா உளுந்தம்பருப்பு, வரமிளகாய், பெருங்காயம் வறுத்து, புளி கொஞ்சம் தூக்கலா வச்சு, உப்பு, ஒரு கைப்பிடி தேங்காய் போட்டு அம்மில கொறகொறன்னு அரைக்கணும். சுடுசோத்துல போட்டு மேல நல்லெண்ணெய். அளவும் கணக்குதான், சோத்துக்கு நெல்லிக்காய் அளவு உருண்டை, வாரத்துல ஒரு நாள், ரெண்டு நாள். தினம் கிண்ணம் கிண்ணமா திங்கிற பழக்கம் எந்த வீட்லயும் நான் பாத்தது இல்ல.

இந்தத் துவையல் யாருக்குன்னு பாத்தா அதுலயே வைத்தியம் இருக்கும். வாயில ருசி போயிடுச்சு, பசிக்க மாட்டேங்குது, வயிறு உப்புசமா கிடக்குங்கறவங்களுக்கு முதல்ல வர்றது இதுதான். காய்ச்சல் விட்டு எந்திரிச்சவங்களுக்கு நாக்குல சொரணை வரட்டும்னு கொடுப்பாங்க. மூலத்துக்கு பிரண்டையை நெய்யில வதக்கி அரைச்சுக் கொடுக்கிறது உண்டு. பொம்பளைங்களுக்கு மாசாமாசம் வர்ற இடுப்பு வலிக்கும் முதுகு வலிக்கும் பிரண்டைத் துவையல் நல்லதுன்னு அம்மா தலைமுறை வரைக்கும் சொல்லிக்கிட்டு வந்தாங்க. சித்த மருத்துவத்துல குன்மம்னு சொல்ற வயித்துக் கோளாறுக்கு, செரியாமைக்கு, மூலத்துக்குன்னு பிரண்டையை வடகமாவும் உப்பாவும் தைலமாவும் பண்ணி வச்சிருக்காங்க. பிரண்டையிலயே ஜாதி நிறைய சொல்லுவாங்க, சாதாரணமா கிடைக்கிறது நாலு பட்டைப் பிரண்டை, மூணு பட்டை இருக்கிறது முப்பிரண்டை, அது அபூர்வம்னு தேடி அலைவாங்க, உருட்டுப் பிரண்டை, ஓலைப் பிரண்டை, புளிப்பிரண்டை, களிப்பிரண்டைன்னு பேர் போகும்.

பிரண்டை உப்புன்னு கடையில விக்கிறாங்களே, அது எப்படி வருதுன்னு தெரிஞ்சா நல்லது. பிரண்டையை நல்லா காய வச்சு எரிச்சு சாம்பலாக்கி, அதைத் தண்ணில கரைச்சு ராத்திரி முழுக்கத் தெளிய விட்டு, தெளிஞ்ச தண்ணியை மட்டும் இறுத்து அடுப்புல வச்சோ வெயில்ல வச்சோ வத்த விட்டா அடியில உறையுறதுதான் உப்பு. தாவரச் சாம்பல்ல தண்ணில கரையுற பங்கு பெரும்பாலும் பொட்டாசியம் உப்புங்க, சுண்ணாம்பு அடியிலயே தங்கிடும். அதனால எலும்புக்குக் கால்சியம் சேர்றதுக்காக பிரண்டை உப்பு சாப்பிடுறேன்னு யாராவது சொன்னா அது வேதியியல் படி பொருந்தாது. இது காரமான உப்பு, குண்டுமணி எடையில கொடுக்கிற மருந்து, சித்த வைத்தியர் நாடி பாத்துக் கொடுக்க வேண்டியது. அதுவும் பொட்டாசியம்னா கிட்னி பாதிப்பு உள்ளவங்களுக்கு ரொம்ப ஆபத்து, அவங்க இந்தப் பக்கமே போகக் கூடாது.

சமையல்லயும் சடங்குலயும் இது இறங்கியிருக்கிற ஆழம் ஆச்சரியமா இருக்கும். அப்பளத்துக்கு உளுந்து மாவு பிசையும்போது பிரண்டையை இடிச்சு ஊற வச்சு வடிகட்டின தண்ணியை விட்டுப் பிசைவாங்க, மாவுக்கு நல்ல இழுவை வரும், பொரிக்கும்போது அப்பளம் பூரிச்சு வரும்னு சொல்லுவாங்க. பிராமணர் வீடுகள்ல திவசத்துக்கு பிரண்டைத் துவையல் கட்டாயம், அதுக்கு ஒரு கதை உண்டு. விசுவாமித்திரர் வசிஷ்டர் வீட்டுத் திவசத்துக்குச் சாப்பிட வர்றேன்னு சொல்லிட்டு ஆயிரத்தெட்டு கறி வேணும்னு கேட்டாராம். அருந்ததி பாகக்காய், பிரண்டை, பலாக்காய் மூணோட இன்னும் எட்டுக் கறி மட்டும் வச்சுட்டு, பாகக்காய் நூறுக்குச் சமம், பிரண்டை முந்நூறுக்குச் சமம், பலா அறுநூறுக்குச் சமம், ஆக ஆயிரம், மிச்சம் எட்டு இந்தா இருக்குன்னு கணக்கு சொன்னாளாம். பலகாரம், வடை, எள்ளுருண்டைன்னு திவசச் சாப்பாடு செரிக்கக் கஷ்டமான சாப்பாடு, அந்த இலையில ஒரு ஓரமா பிரண்டைத் துவையல் உக்காந்திருக்கிறது எனக்கு ரொம்ப அர்த்தமுள்ளதா தெரியுது.

இப்ப எலும்பு. இந்தச் செடிக்கு ஹிந்தில ஹட்ஜோட்னு பேர், எலும்பை ஒட்டுறதுன்னு அர்த்தம். சமஸ்கிருதத்துல அஸ்தி ஸ்ருங்கலா, எலும்புச் சங்கிலி. நம்ம பக்கம் வச்சிரவல்லின்னும் சொல்லுவாங்க, வச்சிரம் மாதிரி உறுதி கொடுக்கிற கொடின்னு. தெலுங்குல நல்லேரு, மலையாளத்துல சங்ஙலம்பரண்ட, அங்கயும் சங்கிலிதான். தண்டைப் பாத்தாலே மூட்டு மூட்டா எலும்பு கோத்த மாதிரி இருக்கிறதால உருவத்தைப் பாத்து இந்த நம்பிக்கை வந்துச்சுன்னு சிலர் சொல்லுவாங்க. இருக்கலாம், ஆனா உருவம் மட்டும்தான் காரணம்னா இத்தனை மொழிக்காரங்க இத்தனை நாள் விடாம பயன்படுத்தி இருக்க மாட்டாங்கன்னு நான் நினைக்கிறேன்.

வெளிப்பூச்சுதான் எங்க ஊர்ல அதிகம். நான் ஏழாவது படிக்கும்போது கிணத்துப் படியில சறுக்கி கணுக்கால் பிசகிடுச்சு, ஆரஞ்சுப்பழம் மாதிரி வீங்கிடுச்சு. ஆச்சி முத்தின பிரண்டையா ஒடிச்சு வந்து இடிச்சுச் சாறு பிழிஞ்சா, இங்க முத்தல் எடுக்கலாம் ஏன்னா உள்ளுக்குச் சாப்பிடப் போறதில்ல, அதுல புளியும் கல்லுப்பும் போட்டுக் காய்ச்சிக் காய்ச்சி குழம்புப் பதத்துக்கு வந்ததும் சூடு பொறுக்கிற அளவுல வீக்கத்து மேல பத்து போட்டு, மேல பழைய வேட்டித் துணியைச் சுத்தினா. முதல்ல ஒரு காந்தல், அப்புறம் பத்து காய்ஞ்சு இழுத்துப் பிடிக்கும், கட்டுப் போட்ட மாதிரி கால் அசையாது. மூணு நாள் மாத்தி மாத்திப் போட்டா, வீக்கம் வடிஞ்சுது. அதுல பிரண்டைக்கு எவ்வளவு பங்கு, சூட்டுக்கு எவ்வளவு, காலை அசைக்காம வச்சிருந்ததுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது, ஆனா மூணும் சேர்ந்த ஒரு சிகிச்சையா அதை யோசிச்சு வச்சிருந்தாங்கங்கறது மட்டும் உண்மை. அதே ஆச்சி மாமா மரத்துல இருந்து விழுந்து கை எலும்பு முறிஞ்சப்ப பத்து போட்டுக்கிட்டு உக்காந்திருக்கல, முதல் பஸ்ஸுல டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா, கட்டு போட்டு வந்தப்புறம்தான் துவையல் அரைச்சா.

ஆராய்ச்சின்னு பாத்தா, 1960கள்ல காசி இந்துப் பல்கலைக்கழகத்துல சர்ஜன் கே.என். உடுப்பாவும் ஜி.சி. பிரசாத்தும் இதை ஒழுங்கா எடுத்துப் பாத்தாங்க. விலங்குகள்ல எலும்பு முறிவை உண்டாக்கி, பிரண்டைச் சாரம் கொடுத்து, ஒட்டின எலும்போட வலுவை அளந்து, கதிரியக்கக் கால்சியம்-45 வச்சு முறிஞ்ச இடத்துல சுண்ணாம்பு எப்படிச் சேருதுன்னு பாத்தாங்க, பிரண்டை கொடுத்ததுல எலும்பு சீக்கிரம் கூடுதுன்னு 1964ல எழுதினாங்க. அதுக்கப்புறம் நிறைய ஆய்வு எலி மேலயும் செல் மேலயும் நடந்திருக்கு, எலும்பு உண்டாக்குற செல்களைத் தூண்டி விடுதுங்கற மாதிரி முடிவுகள் வந்திருக்கு. மனுஷங்ககிட்ட நடந்தது குறைவு, சின்னது, தாடை எலும்பு முறிஞ்சவங்க கொஞ்சப் பேர்கிட்ட பாத்திருக்காங்க. 2013ல அமெரிக்காவுல கடுமையா உடற்பயிற்சி பண்ற 29 ஆம்பளைங்களுக்கு எட்டு வாரம் தினம் 3200 மில்லிகிராம் சாரம் கொடுத்து மூட்டு வலி குறைஞ்சதா சொன்னாங்க, ஆனா அதுல மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்து ஒப்பிடுறதுக்கு இன்னொரு குழு இல்ல, அதனால அதை மட்டும் வச்சு நிரூபணம்னு சொல்லிட முடியாது. என் கருத்து என்னன்னா எலும்பு விஷயத்துல பிரண்டை நம்பிக்கை தர்ற செடி, பெரிய அளவுல மனுஷங்ககிட்ட சோதிச்சுப் பாக்கத் தகுதியான செடி, ஆனா எக்ஸ்ரே எடுக்காம, எலும்பைச் சேர்த்து வைக்காம இதை மட்டும் நம்பி உக்கார்றதுக்கான செடி இல்ல.

இங்க ஒரு தப்பான விளக்கம் ரொம்பப் பரவிக் கிடக்கு, பிரண்டைல கால்சியம் கொட்டிக் கிடக்கு அதனால எலும்புக்கு நல்லதுன்னு. கால்சியம் இருக்கிறது நெசம், ஆனா அது அந்த அரிப்பு ஊசிக்குள்ள ஆக்சலேட்டோட சேர்த்துக் கட்டிப் போட்ட கால்சியம், குடல் அதைச் சரியா உறிஞ்சிக்காது, பாலக்கீரை கால்சியத்துக்கும் இதே பிரச்சினைதான். பிரண்டை எலும்புக்கு ஏதாவது பண்ணுதுன்னா அது அதுல இருக்கிற ஸ்டீரால், ஃபிளாவனாய்டு மாதிரியான வேற பொருள்களாலதான் இருக்கணும்னு ஆய்வாளர்கள் அந்தப் பக்கம்தான் தேடுறாங்க. கால்சியம் வேணும்னா கேழ்வரகும் மோரும் எள்ளும் இருக்கவே இருக்கு.

உடம்பு இளைக்கிறதுக்கு பிரண்டை கேப்சூல்னு ஆன்லைன்ல ஓடுதே, அதுக்கு அடிப்படை 2000க்குப் பிறகு ஆப்பிரிக்காவுல கேமரூன்ல நடந்த சில ஆய்வுகள். அதுல சிலது பிரண்டை மட்டும் வச்சுப் பண்ணதில்ல, கிரீன் டீ, சோயா, குரோமியம்னு கலந்த ஃபார்முலா, இளைச்சது எதாலன்னு பிரிக்க முடியாது. இதைப் பத்தி இதுக்கு மேல பேச எனக்கு விருப்பமில்ல, நம்ம ஊர்ல பிரண்டை பசி எடுக்கிறதுக்குக் கொடுத்த பொருள்.

எனக்கு இதை எழுதணும்னு தோணினதே போன வருஷம் எங்க சித்தப்பாவுக்கு நடந்ததாலதான். முழங்கால் வலி அவருக்கு, யாரோ அனுப்பின வீடியோவைப் பாத்துட்டு வேலியில கைக்கு வந்த முத்தின தண்டா நாலு ஜாண் நீளம் ஒடிச்சு, நார் கூட எடுக்காம மிக்ஸில அடிச்சு, தேன் கலந்து வெறும் வயித்துல ஒரு டம்ளர் குடிச்சுட்டாரு. பத்து நிமிஷத்துல நாக்கு தடிச்சுப் போச்சு, தொண்டைல முள்ளுச் செருகின மாதிரி எச்சில் முழுங்க முடியல, உதடு வீங்கி பேச்சே வரல, சித்தி பயந்து போய் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஊசி போட்டு மத்தியானத்துக்கு மேலதான் சரியாச்சு. திரும்பி வந்து அவர் கேட்டது ஒரே கேள்வி, "எங்கம்மா பண்ணுன பிரண்டை ஒரு நாளும் இப்படி அரிச்சதில்லயே, ஏன்?" அந்தம்மாதான் எங்க ஆச்சி. நாப்பது வருஷம் அவ கையால தின்னவரு, ஆனா அவ அந்த நகத்தை வச்சு அழுத்திப் பாத்ததையும் நுனி நாக்குல வச்சுப் பாத்ததையும் அவர் ஒரு தடவை கூடக் கவனிச்சதில்ல. சமையக்கட்டுக்குள்ள நடந்த எதையும் வைத்தியம்னு நம்ம வீட்டு ஆம்பளைங்க எண்ணினதே இல்லங்கறதும் இதுக்கு ஒரு காரணம்னு எனக்குப் படுது.

யாரெல்லாம் ஒதுங்கணும்னு நேராவே சொல்லிடறேன். சிறுநீரகத்துல கல்லு வந்தவங்க, ஏன்னா அந்தக் கல்லுல பெரும்பாலானது இதே கால்சியம் ஆக்சலேட்தான். கர்ப்பமா இருக்கிறவங்க, பால் கொடுக்கிறவங்க மருந்து அளவுல எடுக்க வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறவங்க எப்பவாவது துவையல் சாப்பிடறது வேற, தினமும் பொடியோ கேப்சூலோ எடுக்கிறதுன்னா டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான். சித்த முறையிலதான் போகணும்னா தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு, அரசு ஆஸ்பத்திரிங்கள்லயும் சித்தா பிரிவு இருக்கு, படிச்ச மருத்துவர் கிட்ட போய் உக்காந்து கேளுங்க.

இன்னொண்ணு, இது உயிர் சம்பந்தப்பட்டது, செடியை மாத்திப் பறிச்சுடாதீங்க. சதுரக்கள்ளின்னு ஒண்ணு இருக்கு, அதுவும் பட்டை பட்டையா சதைப்பிடிப்பா இருக்கும், டவுன்ல வளர்ந்த பிள்ளைங்களுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும். ஒடிச்சுப் பாருங்க, வெள்ளையா பால் வந்துச்சுன்னா அது கள்ளி, கண்ணுல பட்டா பார்வைக்கே கேடு, வயித்துக்குள்ள போனா விஷம். பிரண்டையை ஒடிச்சா பால் வராது, தெளிவான கொழகொழப்பு நீர்தான் கசியும். கள்ளிக்கு முள்ளு உண்டு, பிரண்டைக்கு முள்ளு கிடையாது, சுருள் பற்றுக்கம்பிதான். கள்ளி தன்னால நிக்கும், பிரண்டை எதையாவது பிடிச்சுத்தான் நிக்கும்.

கடையில வாங்குறதை விட வீட்ல வச்சுக்கிறது நல்லது, கடைக்கட்டுல பாதி முத்தல்தான் வருது. மூணு கணு உள்ள துண்டு ஒண்ணு போதும். ஒடிச்ச உடனே நட வேண்டாம், நிழல்ல ரெண்டு நாள் போட்டு வெட்டின வாய் காயட்டும், இல்லன்னா அழுகும். செம்மண்ணும் மணலும் கலந்து, தொட்டி அடியில ஓட்டை சரியா இருக்கான்னு பாத்து, ஒரு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி சொருகி விட்டுட்டு, மண்ணு நல்லா காய்ஞ்சப்புறம்தான் தண்ணி, இந்தச் செடியைக் கொன்னவங்க எல்லாம் தண்ணி ஊத்தித்தான் கொன்னிருக்காங்க. ஏறுறதுக்கு ஒரு குச்சியோ ஜன்னல் கம்பியோ கொடுங்க. ஆச்சி போனதுக்கப்புறம் ஊர் வீட்டை இடிக்கும்போது அந்த வேலிக் கொடியில இருந்து நான் கொண்டு வந்த துண்டு ஒண்ணு இப்ப எங்க மூணாவது மாடி பால்கனி கிரில்லுல ஏறி நிக்குது, நேத்து சாயங்காலம் என் மக கையில எண்ணெயைத் தடவிக்கிட்டு வந்து நுனிக் கணுவுல நகத்தை வச்சு அழுத்தி, "இது இறங்குதும்மா, இது எடுக்கலாம்"ன்னு சொல்லி நாலு துண்டு ஒடிச்சா.